எந்தப் பக்கம் மாறியது?

இன்று காலை சாத்தாங்காட்டில், லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடையில் ஹெட்லைட் பல்பு மாற்ற நின்றிருந்தேன். மேசைமேல் ஒரு ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது.

"பேட்டரி டவுன்னு வேற வண்டிலேர்ந்து கரண்ட் எடுத்துகீறாங்க. பிளஸ்ஸு மைனஸ்ஸ மாத்திப் போட்டுட்டாங்க," என்றார் எலக்ட்ரீஷியன்.

நமக்கும் அன்று அதேதான் நடந்தது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வண்டிகளின் வரிசை. ஒரே முதலாளியின் இரண்டு வண்டிகள், நீ ஒன்று, நான் ஒன்று. உச்சி வெயிலில் என் வண்டி கிளம்பவில்லை. நீ உன் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தாய். ஜம்பர் ஒயர் இரண்டும் கிரீஸ் அழுக்கேறி ஒரே கருப்பு, எது பிளஸ் எது மைனஸ் என்று நிறத்தில் தெரியாது. உன் பேட்டரியில் நீ மாட்டினாய், என் பேட்டரியில் நான். பின்னால் நின்றவன் ஹாரனை விடவேயில்லை.

"சரியா கீதா மாமு?" என்றாய்.

"கீது," என்றேன். பார்த்துத்தான் சொன்னேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பளீரென்று பொறி பறந்தது. அப்புறம் புகை.

மீட்டரோடு வந்த எலக்ட்ரீஷியன் என் வண்டியின் மெயின் ஃபியூஸை மாற்றிப் பார்த்தார். அசைவில்லை. ஆல்டர்னேட்டருக்குள் டயோடெல்லாம் செத்திருந்தன. கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரும் போச்சு என்று கையை விரித்தார்.

"யார்ரா ஒயரு மாட்டனது?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான்தாண்ணா. ரெண்டு பக்கமும் நான்தான்."

அன்றைக்கே உன்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். நீ மீஞ்சூரில் தண்ணீர் லாரி ஓட்டப் போனாய். அங்கே தேடி வந்து கேட்டேன்.

"இன்னாத்துக்கு மாமு பொய் சொன்ன?"

"உன் வூட்ல பச்சக் கொயந்த கீது. வுடு."

"தப்பு யார் பக்கம்? அதச் சொல்லு."

நீ சிரித்தாய். டீயை ஊதிக் குடித்தாய். அவ்வளவுதான்.

உன் காரியத்துக்குக் கொருக்குப்பேட்டை வந்தபோது உன் மனைவி சொன்னார்: "உங்களப் பத்திதாண்ணே பேசிகினு இருப்பாரு. 'நான் ஒயர மாத்திப் போட்டு அவன் வண்டிய எரிச்சேன், ஒரு வார்த்த என்னத் திட்டல'ன்னு."

அப்படியானால் தவறு உன் கையிலா? இல்லை, முதலாளியிடம் சொன்னதையே வீட்டிலும் சொல்லிவைத்தாயா?

இன்று சாத்தாங்காட்டுக் கடை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டேன்: "எந்த வண்டி பக்கம் மாத்திப் போட்டாங்கன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம் மாறினாலும் எரியறது ஒண்ணுதான் நைனா. எரிஞ்சத வச்சு ஆளச் சொல்ல முடியாது."

பல்பை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறினேன். எந்தக் கை மாற்றிப் போட்டது என்பது இனித் தெரியப்போவதில்லை. ஆனால் "ரெண்டு பக்கமும் நான்தான்" என்று நீ சொன்னபோது, "இல்லண்ணா, ஒரு பக்கம் நான் மாட்டினேன்" என்று சொல்லாமல் நின்றது யாரென்று எனக்குத் தெரியும். அதில் குழப்பமே இல்லை, மாமு.