புங்கமரத்து வழக்கு

ஜூன் 4
புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கோர்ட் ஆள் சம்மனை நீட்டினார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வழக்கே போட்டுவிட்டாள்! என் மரத்தின் வேர் அவள் தையல் அறைச் சுவரைப் பிளக்கிறதாம், மரத்தையே எடுக்கவேண்டுமாம். சுவரில் விரிசல் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காக? எனக்குக் கடை என்று வேறு எது இருக்கிறது? இந்த நிழல்தான் கடை.

ஜூன் 5
“கிளைய வேணா வெட்டித் தர்றேன்” என்றேன். “கிளையா என் செவுத்துக்குள்ள வருது?” என்றாள். பேச்சு முடிந்தது.

ஜூலை 16
முதல் வாய்தா. கோர்ட்டுக்குப் போக ஒரே பஸ். ஏறினால், முன்சீட்டில் அவள்! போகும்போது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், வரும்போது நான். இறங்குகிற இடமும் ஒன்றாகத் தொலைகிறது.

செப்டம்பர் 2
அவளுக்கு வக்கீல் கிடையாது. தானே வாதாடுகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள், அதுதான் எரிச்சல். நடுவில் ஆகஸ்ட் வாய்தாவுக்கு வராததால் நீதிபதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை வராவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்.

அக்டோபர் 21
இன்று வாய்தா.

காலையில் அவள் வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். கால் வீங்கிப்போய், மகள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். பஸ்ஸில் நான் மட்டும். விஷயத்தைக் கேட்டதும் என் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். “நீங்க வாயத் தொறக்காம நில்லுங்க. மரம் உங்களுக்கு.”

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்தால்தானே! “ஐயா, அந்தம்மா கால்ல அடிபட்டு ஆஸ்பத்திரியில இருக்காங்க. வேற தேதி கொடுங்க.”

“நீங்க யாரு?”

“அவங்க கேஸ் போட்டிருக்கிறது என் மேலதாங்க.”

கோர்ட்டே சிரித்தது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன், வீட்டுக்காரி சிரிக்கவில்லை. “பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீங்களே” என்றாள். நியாயம்தான். ஆனால் விழுந்து கிடக்கிறவளை அப்படி ஜெயித்துவிட்டு, அந்த நிழலில் எனக்கு வேலை ஓடுமா?

டிசம்பர் 9
தோற்றுவிட்டேன். மரத்தை எடுக்கவேண்டும்.

பஸ்ஸில் அவள் நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 18
நேற்று மரம் போனது. இன்று வெட்டவெளியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலை. ஸ்பானரைத் தொட்டால் கை சுடுகிறது. யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தையல் அறை ஜன்னல் திறந்தது.

“அண்ணே, மத்தியானம் வரைக்கும் எங்க செவுத்து நிழல் உங்க பக்கம்தான் விழும். வண்டிய இப்படித் தள்ளிப் போட்டுக்குங்க.”

“மத்தியானத்துக்கு மேல?” என்றேன், வீம்பாக.

“படுதா தச்சுட்டிருக்கேன். ஒரு முனைய எங்க செவுத்துல கட்டிக்கலாம்.”

வண்டியைத் தள்ளிப் போட்டேன்.