நீ கழற்றித் தந்த அந்தோனியார் பதக்கம்

இன்று காலை குளிப்பாட்டும்போது, என் கழுத்தில் தொங்கும் உன் அந்தோனியார் பதக்கத்தை இழுத்து வாயில் வைத்துக் கடித்தாள் மகள். நறுக்கென்று சத்தம் கேட்டது. கீழ் ஈறில் முதல் பல் வந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்லியிருப்பேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த லயத்து வாசலில் ஆட்டோ வந்து நின்ற காலையை நினைக்கிறேன். விடாத மழை. எனக்கு வலி கண்டுவிட்டது. வயிற்றிலேயே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் நான். அம்மா ஹல்துமுல்லையிலிருந்து மந்திரித்து அனுப்பிய தாயத்து இடுப்பில் இருந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அக்கா பன்சலையில் புத்த பிக்கு ஓதித் தந்ததைக் கொண்டுவந்து கட்டிய பிரித் நூல் கையில் இருந்தது. அதுவும் போதாதென்று நீ, சின்ன வயதில் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து கழற்றாத பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டாய்.

"மூணு சாமியும் காவலுக்கு நிக்குது. தைரியமா போ புள்ள."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, நானா புள்ள பெறப் போறேன்?" என்று சிரித்தாய்.

வீட்டுக்காரர் கொழும்பில் வேலையில். மழையில் பாதை அடைபட்டதால் அம்மாவால் வர முடியவில்லை. அதனால், நான் பெரியம்மா என்று கூப்பிடும் உன் அம்மாவையே எனக்குத் துணையாக ஏற்றி அனுப்பினாய்.

மறுநாள் மத்தியானம் பதுளை ஆஸ்பத்திரியில் மகள் வீறிட்டு அழுதபடி பிறந்தாள். பெரியம்மாதான் அவளை முதலில் கையில் வாங்கினார். அதே மத்தியானம் லயத்துக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து இறங்கியது. மழைக்கு வேலை இல்லாததால் நீ வீட்டில் இருந்தாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பெரியம்மாவிடம் பதக்கத்தை நீட்டினேன். "இத நான் வாங்கியிருக்கக் கூடாது பெரியம்மா."

அவர் என் விரல்களை மடக்கிவிட்டார். "அவ கழுத்துல கெடந்திருந்தா மட்டும் மலை நின்னிருக்குமா? நீயே போட்டுக்க."

அவர் சொன்னது நியாயம்தான். என் மனசுதான் கேட்கவில்லை. பதக்கத்தில் ஒன்றுமில்லை என்றால் மகள் தப்பியது வெறும் அதிர்ஷ்டம். அப்படி நினைத்தால் இரவில் அவள் மூச்சை அடிக்கடி தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அதில் காவல் இருந்தது என்றால், அதை உன் கழுத்திலிருந்து கொண்டுபோனவள் நான். நீயாகத்தான் தந்தாய், தெரியும். ஆனாலும் வேண்டாமென்று நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லவில்லையே.

இப்போது பெரியம்மா எங்களோடுதான் பதுளையில், வாடகை அறையில் இருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தார், நீ போன பிறகு முதல் தடவையாக.

நான் திருத்தவில்லை. அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் என் பிள்ளைதான் திரும்பினாள்.