வாய்க்கால் வளையும் இடத்தில் நேரே போ

அன்புள்ள அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் புதிய கணினிகள் வந்தன. பெட்டிகளைப் பிரித்ததும் அறை முழுக்கப் புது பிளாஸ்டிக் வாசம். பிள்ளைகள் உறைகளைக் கிழித்துத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்களை நான் அதட்டவில்லை. வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

நம் காலத்துக் கணினிகளின் உறைகளை யாரும் கிழிக்கவில்லை. பள்ளி அதிபர் விட்டால்தானே? ஆங்கிலப் பாடத்துக்கென்று வாரத்தில் ஒரு நாள் சாவியைத் தருவார். பாடம் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் பழையபடி உறையை மாட்டி, கயிற்றால் கட்டி, சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். "தூசி பட்டா யார் பொறுப்பு?" என்பார். நீங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே என்னிடம் முணுமுணுப்பீர்கள்: "கலியாணப் பொம்பிளையைக் கூட இப்பிடிப் போர்த்த மாட்டினம்."

நான் அப்போது வேலைக்கு வந்த புதிது. கண்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரியும், வகுப்பில் என்ன செய்வது என்றுதான் தெரியாது. நீங்களோ வடக்கே வன்னியிலிருந்து வந்து வாடகை அறையில் தனியாக இருந்தீர்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் உங்கள் அடையாள அட்டையை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் அறையில் நம் இரண்டு கதிரைகளும் பக்கத்துப் பக்கத்தில். என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பீர்கள். "வாங்க, போங்க, இருங்க, சாப்பிடுங்க. உமக்கு 'ங்க' இல்லாமல் மூச்சு விடத் தெரியாதோ?" "தெரியாதுங்கக்கா" என்பேன் நான்.

தரம் ஒன்பதுக்கு வழி சொல்லும் பாடம். புத்தகத்தில் நேர்கோட்டில் நான்கு வீதிகள், ஒரு தபாற் கந்தோர், ஒரு பூங்கா. அப்படி ஓர் ஊரை நம் பிள்ளைகள் கண்டதே இல்லை. சுவிஸிலிருந்து உங்கள் தம்பி அனுப்பிய சின்ன டிஜிட்டல் கமெராவை நீங்கள் மேசையில் வைத்தீர்கள். "இதை முறை வைச்சுக் குடுப்பம். வீட்டுக்குப் போற வழியைப் படம் பிடிக்கட்டும். பிறகு கணினியில போட்டுக்கொண்டு தங்கட வழியைத் தாங்களே இங்கிலீசில சொல்லட்டும். குரலையும் பதிவோம்." எனக்கு அது விளையாட்டுப் போலத்தான் பட்டது. கமெரா வீடு வீடாகப் போய் வந்தது. ஒரு கீறல்கூட விழாமல் திரும்பி வந்ததைப் பார்த்து அதிபரே வியந்தார்.

அந்த வகுப்பை நான் மறக்கமாட்டேன். அதுவரை ஆங்கிலத்தில் "யெஸ் டீச்சர்" என்பதைத் தாண்டாத பிள்ளைகள். அக்குறணையிலிருந்து வரும் ரிஸ்னா தன் கடைத்தெருவைத் திரையில் காட்டி, இங்கே வளை, அங்கே வளை என்று சொல்லிவிட்டு, கடைசியில் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இஃப் இட் ரெய்ன்ஸ், டோன்ட் கம்" என்றாள். வெள்ளம் ஏறுகிற தெரு அது. வகுப்பே உருண்டு சிரித்தது. பிறகு கம்பளையிலிருந்து பஸ்ஸில் வரும் தர்ஷினி எழுந்தாள். அந்த வருடம் அவள் குரலை யாருமே கேட்டதில்லை. ரயில் நிலையம், ஆற்றுப் பாலம், அதற்கடுத்து மணல் மூட்டை அடுக்கிய காவலரண். அவளுக்கு அதுவும் மற்றவைபோல ஓர் அடையாளம், தினமும் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம். "கெட் டவுன். ஷோ யுவர் பேக். வாக். கெட் இன் அகெய்ன்" என்றாள் மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. அந்த வழி எல்லாருக்கும் தெரிந்த வழி. நீங்கள் மட்டும் கை தட்டினீர்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது நமக்கு எதுவுமே தோன்றவில்லையே அக்கா. மணல் மூட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. பாலம், பள்ளிவாசல்போல அதுவும் வழியில் உள்ள ஒன்று என்றாகிவிட்டது. ஆங்கில தினத்துக்குச் சுவரில் ஒட்டலாம் என்று, படங்களைப் பென்டிரைவில் ஏற்றி நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் அச்சிடக் கொடுத்தீர்கள். அடுத்த நாள் இரண்டாம் பாடவேளையில் பொலிஸ் ஜீப் வந்தது.

அதிபரின் அறையில் மேசைமேல் ஸ்டூடியோவில் அச்சிட்ட படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். பாலம், ரயில் நிலையம், காவலரண். அந்த வரிசையில் பார்த்தபோதுதான், குண்டு வைக்க வேவு பார்த்த படங்கள்போல எனக்கே தெரிந்தன. உங்களுக்குச் சிங்களம் கடையில் பேசுகிற அளவுக்குத்தான். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி கத்தவில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டார், இவற்றை எடுத்தது யார் என்று.

நான் தமிழில் சொன்னேன். "உள்ளதைச் சொல்லிரட்டுமாக்கா? பாடத்துக்குப் பிள்ளைங்க எடுத்ததுன்னு?"

நீங்கள் என்னைப் பார்க்காமல் படங்களைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "பிள்ளையள் எண்டால் எந்தப் பிள்ளை எண்டு கேப்பினம். நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லும்."

"அக்கா, உங்களுக்கு…"

"நீர் சொல்லும்."

தர்ஷினிக்குப் பதினான்கு வயது. அவளுடைய அண்ணன் ஒருவன் கொழும்பில் கடையில் வேலை செய்தான். ஒரு பெயர் எழுதப்பட்டால் எத்தனை பெயர்கள் அதன் பின்னால் போகும் என்று நமக்கும் அங்கே இருந்த அதிபருக்கும் தெரியும். "என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி. நல்ல சிங்களத்தில், தடுமாறாமல், எல்லாவற்றையும் அவர்தான் எடுத்தாராம் என்று நான் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக் கணினிகளிலும் இவை இருக்கின்றனவா என்று அவர் அதிபரிடம் கேட்டார். அங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு கோப்புறை வைத்திருந்தோமே. அதிபர் எழுந்து நின்றார். "அந்த மெஷின்களா? வந்த நாளிலேருந்து உறையே பிரிக்கல்ல, மாத்தயா. பிள்ளைங்க கை பட்டாப் பழுதாயிரும். வந்து பாருங்க" என்று அவரே கணினி அறை ஜன்னலருகே கூட்டிப்போனார். பத்து உருவங்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தன. அதிகாரி தலையசைத்தார்.

அவர்கள் உங்களைக் கூட்டிப்போனபோது இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓரமாக வழி விட்டு "குட் மோர்னிங் டீச்சர்" என்றார்கள். நீங்களும் சொன்னீர்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அதிபர் கேட்காமலே சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் ஒவ்வொரு கோப்புறையாக அழித்தேன். ரிஸ்னா போனாள், தர்ஷினி போனாள். கடைசியில் ஒன்று உங்கள் பெயரில் இருந்தது. முன்பு அதை நான் திறந்ததில்லை. படம் எதுவும் இல்லை, குரல் மட்டும். பிள்ளைகளுக்கு மாதிரியாக உங்கள் வீட்டுக்கு வழி சொல்லியிருந்தீர்கள், நிறுத்தி நிறுத்தி, அழகான ஆங்கிலத்தில். சைக்கிள் கடைச் சந்தியில் இறங்கு. வாய்க்கால் உன் இடப்பக்கம் வரட்டும். அது வளையும் இடத்தில் நீயும் வளையாதே, நேரே போ. படலை இல்லாத வீடு எங்களுடையது, ஆடுகள் அதைத் தள்ளி விழுத்திவிட்டன. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பார். இல்லை என்று சொல்.

அப்போது வன்னிக்குப் போகும் பாதை போரால் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. நீங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் குரலை மூன்று முறை கேட்டேன். பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று கணினி கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். உறைகளை மாட்டிக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தேன்.

சில வாரங்களில் உங்களை விட்டுவிட்டார்கள். மெலிந்து வந்தீர்கள். முதலில் கேட்டது, "தர்ஷினி பள்ளிக்கு வாறவளோ?" வருகிறாள் என்றேன். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அடுத்த தவணைக்கு முன்பே ஊருக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டீர்கள். பஸ் நிலையத்தில் உங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரலையும் அழிச்சிட்டேங்கக்கா" என்றேன்.

"நல்ல வேலை செய்தீர்" என்றீர்கள். "என்ர குரலுக்கு என்ன, நான்தான் இருக்கிறனே."

போர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு உங்கள் தம்பி தொலைபேசியில் சொன்னார். ஷெல் விழுந்தபோது அம்மாவும் நீங்களும் ஒரே பதுங்குகுழியில் இருந்தீர்களாம்.

பாதை திறந்த பிறகு ஆசிரியர்கள் பஸ் பிடித்து வடக்கே சுற்றுலா போனோம். பின்னால் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம். சைக்கிள் கடை இல்லை, ஆனால் சந்தி தெரிந்தது, வாய்க்காலும் தெரிந்தது. அது வளையும் இடத்துக்கு அப்பால் கூரை எதுவும் இல்லை. வெறும் செம்மண்ணும் பற்றையும். நிறுத்தச் சொல்லலாம் என்று நினைக்கும்போதே பஸ் கடந்துவிட்டது.

போன வாரம் தரம் ஒன்பதுக்குக் கேட்டல் பயிற்சி. வழியைக் கேட்டு வரைபடம் வரையவேண்டும். புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவை விட்டுவிட்டு, என் தொலைபேசியில் நானே பதிந்ததைப் போட்டேன். உங்கள் வழி, ஒரு சொல்லும் மாறாமல், நீங்கள் நிறுத்திய இடங்களில் நிறுத்தி. பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார்கள்.

தாள்கள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. சிலர் வாய்க்காலை வலப்பக்கம் போட்டிருக்கிறார்கள். சிலர் சந்தியையே மறந்துவிட்டார்கள். ஆனால் எல்லாத் தாள்களிலும் வீடு இருக்கிறது, அக்கா. கூரையோடு, ஆடுகளோடு. ஒருத்தி வாசலில் இரண்டு பெண்களை நிறுத்தியிருக்கிறாள். புள்ளி போடவேண்டும். நாலு நாளாகச் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.