வெட்டாமல் விட்ட கிளை

மே 14, 2025. கம்பம்மெட்டு

மாதக் கடைசியில் பார்வையாளர்கள் வருகிறார்கள். எங்கள் அமைப்புக்கு உதவுகிற பெங்களூர்க்காரர்கள். அமைப்பு என்ன அமைப்பு, மிக்கேல்ராஜும் நானும்தான். அவன் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், நான் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி. போன வருஷத்து வறட்சியில் நிழல் இல்லாத ஏலக்காய்த் தோட்டமெல்லாம் கருகியதைப் பார்த்தோம். அதிலிருந்து, 'மரத்தை மொட்டையடிக்காதீர்கள், வெயில் இனி இப்படித்தான் இருக்கும்' என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறோம்.

இன்று கத்தரீனாக்கா தோட்டத்துக்குப் போனோம். அரை ஏக்கர்தான். உள்ளே நுழைந்தால் குளிர்கிறது. வீட்டை ஒட்டி நிற்கும் கல்யாணமுருங்கையைக் காட்டிக் கேட்டார்: "கூரப் பக்கம் சாஞ்ச கெளைய மட்டும் எறக்கிருவோமா ப்ரியா? வருசா வருசம் மழைக்கு முன்ன கழிக்கிறதுதான்."

"மாசக் கடைசி வரைக்கும் விடுங்கக்கா. அவங்க வந்து பாத்து, போட்டோ எடுத்துட்டுப் போகட்டும். மழை ஜூன்லதானே."

"நீ சொன்னாச் சரி."

போட்டோவில் அந்த மரம் அழகாக வரும்.

மே 25

மழை முந்திக்கொண்டது. நேற்றிலிருந்து விடவில்லை. காற்று வேறு. கரண்ட் இல்லை.

மே 26

கிளை விழுந்துவிட்டது. காலையில். கூரை ஷீட்டை உடைத்துக்கொண்டு, அடுப்பருகே நின்ற கத்தரீனாக்காவின் வலது பாதத்தின் மேல். மிக்கேலும் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டித்துரையும் கிளையைத் தூக்க, நான் அக்காவை இழுத்தேன். அக்கா போட்ட சத்தம் — எழுத வேண்டாம். ஜீப்பில் மலையிறங்கிக் கம்பம் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பருவம் தப்புகிறது, காலண்டரை நம்பாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். மழை ஜூனில்தான் என்று சொன்னவளும் நான்.

மே 28

ஆபரேஷன் முடிந்தது. பாதம் தப்பியது. ஆனால் பழையபடி குந்தி உட்கார முடியாது என்றார் டாக்டர். ஏலம் பறிப்பது செடியின் அடியில் குந்தித்தான். வேறெப்படி?

மகள் ஜிஸ்மி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். ஓடி வந்திருந்தாள். வராந்தாவில் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா கேட்டாங்கல்ல, கெளைய வெட்டட்டுமான்னு? கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"போட்டோ எடுத்தாச்சா?"

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

மே 31

பார்வையாளர்கள் வந்தார்கள். வேறு தோட்டத்தைக் காட்டலாம் என்றான் மிக்கேல். நான் கத்தரீனாக்கா வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். உடைந்த கூரை, மேலே போட்ட தார்ப்பாய், நான் சொன்னது, நடந்தது — எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஆறுதலாக, "மரத்தின் மேல் தப்பில்லையே," என்றார்.

இல்லை. மரத்தின் மேல் என்ன தப்பு?

ஜூன் 9

பாண்டித்துரை தன் தோட்டத்து மரத்தையெல்லாம் மொட்டையடித்துவிட்டார். "இனி ஒங்க பேச்சக் கேட்டா எவனும் வீட்டுக்குள்ள நிம்மதியாப் படுக்க முடியாதும்மா." திரும்பி நடந்தேன். வழி நெடுக ரம்பச் சத்தம்.

மிக்கேலுக்குக் கோபம். "நீ செஞ்ச தப்புக்கு இந்த மலையே வெயில்ல வேகணுமா? கூட வா. வீட்டுமேல சாயுறத வெட்டுங்க, மத்தத விட்டுருங்கன்னு சொல்லுவோம்."

"நான் சொன்னா யார் கேப்பா?"

"கேக்க மாட்டாங்க. ஆனாலும் வா."

போனேன். சில வீடுகளில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் இடத்தில் நானும் சாத்தியிருப்பேன்.

ஜூன் 10

அம்மா போன். "போறும்டீ. ஆத்துக்கு வந்துடு. ஊரைக் காப்பாத்தறதுக்கு நீ ஒருத்திதான் பாக்கியா?"

வருகிறேன் என்றேன். போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 4

முதல் பறிப்பு. கத்தரீனாக்காவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மிக்கேல் சொன்னான். யாரும் கூப்பிடாமலே போய்ச் செடியடியில் உட்கார்ந்தேன். அக்கா வாசலில் நாற்காலியில். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி, பிஞ்சையெல்லாம் உருவுதியே! வெளைஞ்சதாப் பாத்துப் பறி!"

அட்டை கடித்து, முழங்கால் மரத்து, சாயங்காலம் பார்த்தால் பாதிக் கூடை. இடுப்பு வலி சுகமாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்துகிறது. அக்காவுக்கு வேண்டியது வேலைக்கு ஓர் ஆள். எனக்கு வேண்டியது தண்டனை. என் மனசு ஆறத்தான் அவர் தோட்டத்துக்குப் போகிறேனா? அப்படியானால் அதுவும் போட்டோ மாதிரிதானே?

நாளைக்கும் போக வேண்டும். காய் நிற்கிறது.

செப்டம்பர் 2

இன்று மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். காயைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"தெனமும் இதக் கேட்டு என் உசுர எடுக்காத. மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. கால் வலிக்கையில உன்னத் திட்டத்தான் செய்யுதேன். போ, அந்த ஓரத்துச் செடி பாக்கி கெடக்கு."

ஓரத்துச் செடிக்குப் போனேன். இனிக் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் 20

ஜிஸ்மி லீவுக்கு வந்திருக்கிறாள். என்னைத் தாண்டிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 2

மேட்டுத் தெருவில் சில வீடுகள் கூரைப் பக்கத்தை மட்டும் கழித்துவிட்டு மற்ற மரங்களை விட்டிருப்பதாக மிக்கேல் சொன்னான். சிரித்தான். இந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அக்டோபர் 11

நேற்றும் இன்றும் காய்ச்சல். தோட்டத்துக்குப் போகவில்லை. போனும் செய்யவில்லை. நான் போகாவிட்டால் அங்கே யாருக்கு என்ன, ஒருவேளை நிம்மதியாகக்கூட இருக்கும் என்று நான் தங்கும் ஆபீஸ் பின்னறையில் போர்த்திப் படுத்திருந்தேன்.

மத்தியானம் யாரோ கதவைக் கம்பால் தட்டினார்கள். திறந்தால் கத்தரீனாக்கா. அடிபட்ட நாளிலிருந்து கோயிலுக்குக்கூட ஜீப்பில் போகிறவர். இந்த இறக்கத்தில், வழுக்கும் மண்ணில், கம்பை ஊன்றிக்கொண்டு தனியாக வந்திருக்கிறார். சேலையின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. எங்கோ விழுந்து எழுந்திருக்கிறார்.

"வரலைன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டியோ?"

 நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். கை சில்லென்று இருந்தது.

"கஞ்சி குடிச்சியா?"

"இல்லக்கா."

"அரிசி எங்க இருக்கு?"

சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, அடுப்படிக்குப் போனார்.