குக்கர் இல்லாத ரூமில் சுட்ட கை

அன்புள்ள நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறாய், அதை நம்ப முடியாமல்தான் பேனாவை எடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வீடியோவில் முகத்தைக் காட்டுகிறாய், கட்டிலைக் காட்டுகிறாய், புதுச் செருப்பைக் காட்டுகிறாய், இடது கையை மட்டும் காட்டவில்லை. போன வாரம் தண்ணீர் பாட்டிலைத் தொடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்தாய். என்னடி என்று கேட்டால் குக்கர் ஆவி அடித்துவிட்டது என்றாய். சார்ஜாவில் கம்பெனி ரூமில் படுத்து மூன்று வேளையும் மெஸ்ஸில் தின்கிறவளுக்கு ஏது குக்கர்? பொய் சொல்லவும் ஒரு லட்சணம் வேண்டாமா? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவளின் பொய், பத்தாவதைப் பாதியில் போட்டுவிட்டு உன் அப்பா பிரபுவின் சைக்கிளில் ஏறிப்போனவள் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. போனில் திட்டினால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய், உன் ரூமில் இருக்கும் மற்ற நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். எதிர் வீட்டு குல்சும் அக்காவின் தம்பி வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் வைத்துவிட முடியாது, படி.

அது என்ன காயம் என்று எனக்குத் தெரியும். போன மாதம்தான் உங்கள் வாசனை எண்ணெய்க் கம்பெனியில் உன்னை லேபிள் ஒட்டுகிற இடத்திலிருந்து எடுத்து லவங்கப்பட்டை எண்ணெய் நிரப்புகிற மேஜையில் போட்டார்கள் என்று சந்தோஷத்தில் குதித்தாய். பட்டை எண்ணெய் தோலில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். கையுறைக்குள் இறங்கியிருக்கும், நீயும் கழற்றாமல் சாயங்காலம் வரைக்கும் அதற்குள்ளேயே கையை ஊறப் போட்டிருப்பாய். உங்கள் சூப்பர்வைசர் இருக்கிறாரே, கழுத்தில் டை, தலைக்குள் பஞ்சு, அவர் வந்து பார்த்திருந்தாலும் தண்ணீரில் அலசிவிட்டு வேலையைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார். எண்ணெய் தண்ணீரில் போகாது என்பது தோசைக்கல் கழுவுகிற யாருக்கும் தெரியும், வாசனைத் தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியாது. எங்கள் முதலாளி சுப்பராமன் சாரையே எடுத்துக்கொள். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் வாசனை எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார், மூன்று நாள் வகுப்புக்குப் போய் ஒரு சர்டிபிகேட் வாங்கி, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைக்கிறார். எது கொட்டினாலும் “நேச்சுரல்ம்மா, ஒண்ணும் பண்ணாது” என்பார். எருக்கம்பாலும் நேச்சுரல்தான், ஒரு சொட்டு கண்ணில் விட்டுக்கொள்ளட்டுமே. வருகிற கூட்டமும் அதற்கேற்ற கூட்டம். அடையாற்றிலிருந்து ஒரு மேடம், காருக்குள் புதினா எண்ணெய் பாட்டில் உடைந்துவிட்டது, இறங்கித் துடைக்கலாம், கண்ணாடியையாவது இறக்கலாம், இரண்டும் இல்லை, ஏசியைப் போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். மூக்கும் கண்ணும் ஒழுகக் கடைக்குள் வந்து, “ரொம்ப பியூர்ங்க உங்க ஆயில்” என்று பாராட்டினார். சாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட கடையில் போன வெள்ளிக்கிழமை தீப்பிடித்தது. பயப்படாதே, யாருக்கும் எதுவும் இல்லை, கேள். ஆரஞ்சுத் தோலில் பிழிந்த எண்ணெய் புதுசாக ஒரு கேன் வந்திருந்தது, அதை அளந்து சின்ன பாட்டிலில் ஊற்ற வேண்டும். அளக்கிற கண்ணாடிக் குவளையில் சார் துளசி நட்டு வைத்திருந்தார். தெர்மோகோல் கப்புக்குத் தடை வந்தபோது ஒரு மூட்டை வாங்கிப் பரணில் ஏற்றினார், இன்னும் அதில்தான் எங்களுக்கு டீ. அவசரத்துக்கு அதில் ஒன்றை எடுத்து ஆரஞ்சு எண்ணெயை ஊற்றினேன். ஊற்றியது நான்தான், கூச்சமில்லாமல் எழுதுகிறேன். அந்த எண்ணெய் தெர்மோகோலைத் தின்றுவிடும். நான் மூடியைத் தேடித் திரும்புவதற்குள் கப்புக்கு அடியே இல்லை, பிசின் மாதிரி மேஜையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, எண்ணெய் விளிம்பிலிருந்து சொட்டுகிறது. பதறிக் கையை வீசினதில் திறந்திருந்த கேனும் சாய்ந்தது. முழங்கால் போட்டுக் கேனை நிமிர்த்தி, சாமி விளக்கை அணைத்து, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, தரையில் பழைய வேட்டித் துணியும் பேப்பரும் போட்டு ஒற்றி எடுத்தேன். சார் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எதுக்கு இவ்ளோ பாடு, ஒரு பக்கெட் ஜலம் விட்டு வாசல் சாக்கடையில தள்ளிடேன்” என்கிறார். தள்ளினால் எண்ணெய் தண்ணீர் மேலே மிதந்து, தெரு முனை டீக்கடை அடுப்பு வரைக்கும் ஊர்வலம் போகும். நான் காதில் வாங்கவில்லை. ஊறின துணியை எல்லாம் வாளியில் அமுக்கி, வெளியே கொண்டுபோக வாசல் படி ஓரமாக வைத்தேன். மூடி போடவில்லை. மூடி தேடத்தான் உள்ளே போனேன்.

அப்போது வந்தார் ஃபிர்தௌஸ் பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை கடையாகச் சாம்பிராணி போடுவாரே, ஒரு கையில் கரிச் சட்டி, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி, அவர்தான். அந்தத் தெருவில் மூளை உள்ள ஒரே ஆள். படிக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டார். “யம்மா, இன்னா ஊத்திகீது உள்ள? வாசன மூக்க அறுக்குது. நெருப்ப வெச்சிக்கினு நான் உள்ள வர்ல நைனா” என்றார். இவ்வளவுதான் விஷயம், அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணியைத் திருப்பி அனுப்பினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம், சாருக்கு உயிரே போய்விட்டது. “அப்படிச் சொல்லப்படாது பாய், உள்ள வரவேண்டாம், படியிலயே நின்னுண்டு ஒரு வீசு வீசிடுங்கோ, புகை தானா உள்ள வந்துடும்” என்றார். பாயும் நாலு தெரு பாக்கி இருக்கிறதே என்று படியேறிச் சட்டியை நீட்டி ஒரு வீசு வீசினார். பக்கத்தில் என் வாளி. ஒரு பொறிதான். குப்பென்று பெயர்ப் பலகை வரைக்கும் எழுந்தது. பாய் யோசிக்கவே இல்லை, வாளியை எட்டி உதைத்துத் தெருவுக்குத் தள்ளினார், மயிலிறகு பொசுங்கிவிட்டது. நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், சார் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார். நாலு வருஷமாகச் சார் போட்ட வாயில் “யோவ், தண்ணிய கீழ வையா” என்று வந்துவிட்டது. வைத்துவிட்டார். மணலைக் கொட்டினேன், அடங்கியது. ஷட்டர் கருப்பு, பெயர்ப் பலகையில் பாதி எழுத்து இல்லை.

கூட்டம் கூடினதும் சாருக்கு வாய் திரும்பி வந்தது. “பாய் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம், கரியைக் கொட்டிட்டார்” என்று பூக்கடைக்காரரிடம் சொல்கிறார். பாய் பொசுங்கின விசிறியைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் சொன்னேன்: “கப்புல ஊத்துனது நானு. மூடி இல்லாம வாளிய வெச்சதும் நானு. நெருப்போட வர்லன்னு சொன்னவர படியில நிக்க வெச்சது சாரு. பாய் மேல பழி போட்டீங்கன்னா நல்லாருக்காது.” பூக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சார் முகம் போன போக்கைப் படம் பிடித்து அந்த சர்டிபிகேட் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சாரிடமிருந்து மூன்று போன். “சொர்ணம், பச்சை மூடி போட்டிருக்கே, அது வெட்டிவேரா என்னம்மா?” அது வெட்டிவேர் இல்லை, கொசுவுக்கு வைக்கிற எண்ணெய், யாருக்கோ ஊற்றிக் கொடுக்கப் போனார். திங்கள்கிழமை ரயிலேறிப் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். இன்றைக்குப் பரணிலிருந்து அந்தக் கப்பு மூட்டையை இறக்கி அவரே குப்பையில் போட்டார்.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், முன்னால் ஒரு தடவை திறக்காமல் பட்டதால்தான் அன்றைக்கு எனக்கு வாய் திறந்தது. என் வலது மணிக்கட்டில் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறதே, நீ காலேஜில் சேர்ந்த வருஷம் வந்தது, குக்கர் ஆவி என்று உன்னிடம் சொன்னேன். குக்கரும் இல்லை, ஆவியும் இல்லை. பட்டை எண்ணெய் பாட்டில் விரிசல் விட்டு, எண்ணெய் கண்ணாடி வளையலுக்கு அடியில் இறங்கியது. அந்த வாரம்தான் சார் என்னை அட்டைப்பெட்டி கட்டுகிற இடத்திலிருந்து எண்ணெய் மேஜைக்கு மாற்றியிருந்தார். சொன்னால் திரும்ப அட்டைப்பெட்டிதான் என்று கையுறையை மேலே மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை பல்லைக் கடித்தேன். நீ அழுதுகொண்டே பேஸ்ட் தடவினாய், அப்புறம் குக்கரைப் பார்த்தாலே ஒரு முழம் தள்ளி நின்றாய். இன்றைக்கும் பட்டை போட்ட பிரியாணியில் கை வைத்தால் அந்த இடம் தடித்து அரிக்கிறது, அதனால்தான் ஸ்பூனில் தின்கிறேன், நீ பந்தா என்று சிரித்தாய். சுப்பராமனை முட்டாள் என்கிறேன், உன் சூப்பர்வைசரை முட்டாள் என்கிறேன், அவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு முட்டாளை நீ அம்மா என்று கூப்பிடுகிறாய். ஆனால் நீ படித்தவள். என் பழைய பொய்யைத் தூசி தட்டி என்னிடமே விற்க வருகிறாயே, வேறு பொய் கிடைக்கவில்லையா?

கேட்டுக்கொள். பேஸ்ட், மாவு, மஞ்சள் எதுவும் அப்பாதே. டாக்டரிடம் போ, கை சுட்டுவிட்டது என்று சொல்லாதே, எண்ணெயின் பெயரைச் சொல். கம்பெனியில் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, என்றைக்குக் கொட்டியது, யார் என்ன சொன்னார்கள் எல்லாம். இனிமேல் பட்டால் அந்த நிமிஷமே கையுறையைக் கழற்று, சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடை, அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவு, கண்ணில் பட்டால் மட்டும் குழாயடியில் கால் மணி நேரம் நில். தடித்த பச்சைக் கையுறை ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், அந்த டைக்காரர் கொடுக்கிற பரோட்டா பார்சல் கவரை மாட்டாதே. லேபிள் ஒட்டத் திரும்ப அனுப்பினால் ஒட்டு. ஊருக்கே அனுப்பினால் வா, நம் பிளாக்கில் லிப்ட் இன்னும் ஓடவில்லை, நாலு மாடி ஏறி வா, சோறு இருக்கிறது. உன் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் இன்றைக்கே விமானத்துக்குக் குறுக்கே படுப்பார்.

முண்டகக்கண்ணி அம்மன் உன் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முதலில் இடது கை வரவேண்டும், நான் என் மணிக்கட்டோடு காத்திருப்பேன். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குக்கர் மேல் முதலில் பழி போட்ட உன் அம்மா,
சொர்ணம்