கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்

என்னங்க,

போனில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வாயைத் திறந்தாலே நம் மகள் என் உதட்டையே பார்க்கிறாள்.

நேற்று அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனேன். குழந்தைகள் துப்பறிகிற படம். இந்த மாதிரிப் படங்களில் காதில் மெஷின் மாட்டிய பிள்ளை வந்தால் யாராவது கடத்திக்கொண்டு போவார்கள், நாம் உச்சுக் கொட்டுவோம், அவ்வளவுதான். இதில் துப்பறிகிறவளே அந்தப் பிள்ளைதான். மூடிய ஜன்னலுக்கு வெளியே நின்று, திருடர்களின் உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறாள்.

"அம்மா, அவ என்னை மாதிரியே!" என்று நம்முடையவள் கத்தியதில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே டாக்டர் அறை ஞாபகம் வந்தது.

போன வாரம் டாக்டரிடம் போனபோது இவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு. சாத்தித்தானே இருக்கிறது, இவளுக்கு என்ன கேட்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். டாக்டர் கதவைப் பார்த்துதான் உட்கார்ந்திருந்தார்.

உங்களிடம் வெறும் அசதி என்றுதான் சொன்னேன், இல்லையா?

இன்று காலை தலை பின்னிவிடும்போது, முகம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டாக்டர் சொன்ன ஆபரேஷனை அப்பாகிட்ட எப்பம்மா சொல்லப் போற?"

பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னலை முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

புறப்பட்டு வாருங்கள்.

நீங்கள் கேலியாகக் கூப்பிடும்
பயந்தாங்கொள்ளி