சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அத்தைக்கு வெண்ணிலாவின் வணக்கம். மூட்டுவலி தேவலைங்களா? நாங்கள் சங்ககிரியில் சுகம்.

உங்கள் மகன் லாரி விபத்தில் போன பிறகு, லாரியைக் கண்டாலே பாப்பா என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள் அல்லவா? சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து, ரோட்டோரம் டிரைவர்களுக்கு எலுமிச்சை சர்பத் கொடுத்தோம். பாதியில் பழத்தைக் காணோம். பார்த்தால், ஒன்றாம் வகுப்பு வாண்டுகள், நின்றுகொண்டிருந்த லாரிகளின் சக்கரங்களுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்! வண்டி எடுக்குமுன் பழம் நசுக்க வேண்டுமாம்.

"சர்பத்துக்கு வாங்குனதுடா!" என்று டீச்சர் சிரித்தார்.

நம் பாப்பாவும் ஒன்று வைத்து, "மாமா, ஏத்திட்டுப் போங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

"சரிங்க சாமி" என்று ஹாரன் அடித்துப் போனார் டிரைவர். அவள் ஒளியவில்லை, கை காட்டினாள். நானும் சிரித்தேன் அத்தை.

நாரத்தங்காய் ஊறுகாய் வேண்டும். நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க, இங்கே எனக்குப் பேச ஆளில்லை. வேலைக்குக் கூட்டிப்போக மில் வண்டி வந்துவிட்டது, வாரேனுங்க.